அப்பா கடலில் இருக்கிறார், சம்மதக் கடிதத்துக்கு வழி சொல்லுங்கள்

அண்ணன்மார், அக்காமார் எல்லோருக்கும் வணக்கம். நாங்கள் தென்னாப்பிரிக்காவில், டர்பனின் சாட்ஸ்வொர்த்தில் இருக்கிறோம். 13 வயது மகனின் கால்பந்து அணி ஜூலையில் சுவீடனில் நடக்கும் கோத்தியா கோப்பைக்குப் போகிறது, 1975-லிருந்து நடக்கும் பெரிய சிறுவர் போட்டி, துணைக்கு நான் போகிறேன். பிள்ளை தினமும் காலண்டரில் நாளை அடித்துக்கொண்டிருக்கிறான்.

சிக்கல் என்னவென்றால், அவன் அப்பாவுக்குச் சரக்குக் கப்பலில் வேலை, ஆகஸ்டுக்கு முன் ஊர் திரும்ப மாட்டார். இங்கிருந்து வெளிநாட்டுக்குப் பிள்ளையைப் பெற்றோரில் ஒருவர் மட்டும் கூட்டிப் போனால், இரண்டு பேர் பெயரும் உள்ள முழுப் பிறப்புச் சான்றிதழும், வராதவர் சத்தியம் செய்து கையெழுத்திட்ட சம்மதக் கடிதமும் வேண்டும். சான்றிதழ் இருக்கிறது. கடிதத்துக்குத்தான் தவிக்கிறேன். கப்பல் எந்தத் துறைமுகத்தில் எத்தனை மணி நேரம் நிற்கும் என்று அவருக்கே கடைசியில்தான் தெரிகிறது, அதற்குள் இறங்கி நம் தூதரகத்தைத் தேடிப் போக முடியுமா? கப்பலில் வேலை செய்கிறவர்கள் வீட்டில் இதை எப்படிச் சமாளித்தீர்கள்? சுவீடன் போக எடுக்கும் ஷெங்கன் விசாவுக்கும் (பல ஐரோப்பிய நாடுகளுக்கான பொது விசா) அசல் கடிதம் கேட்பார்களா, இரண்டாக வாங்கி வைக்கட்டுமா? 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு எடுத்தாயிற்று, 12 வயது தாண்டியதால் கைரேகைக்கு அவனையும் கூட்டிப் போக வேண்டும், அது சரி.

அப்புறம் சாப்பாடு. அணிப் பிள்ளைகள் பள்ளி வகுப்பறைகளில் தங்குவார்கள், இவன் சுத்த சைவம், முட்டைகூடத் தொட மாட்டான். பாலும் இறைச்சியும் ஐரோப்பாவுக்குள் கொண்டுபோக விடமாட்டார்கள், பருப்புப் பொடியும் அவலும் போதுமா? பிள்ளையோடு போய் வந்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள், கடித விஷயம்தான் எனக்கு முதலில் தெரிய வேண்டும்.