மூளை முதுமை பற்றிய ஆய்வுக் கட்டுரையை இதழுக்கு அனுப்பிய அனுபவங்கள்

இராமநாதபுரம் மாவட்டத்தில் களப்பணி செய்த ஆய்வாளர்:

அறுபது வயதைக் கடந்த கிராமத்து மக்களின் மூளையில், புதிய நினைவுகளைப் பதியவைக்க உதவும் ஹிப்போகாம்பஸ் பகுதியின் பருமன் வயதோடு எவ்வாறு வேறுபடுகிறது என்பதை எம்.ஆர்.ஐ. படங்களைக் கொண்டு அளந்திருந்தோம். அதைக் கட்டுரையாக எழுத உட்கார்ந்தபோது எனக்கிருந்த கவலை முழுவதும் படங்களைப் பற்றியதாகவே இருந்தது. எந்த மென்பொருளின் எந்தப் பதிப்பைப் பயன்படுத்தினோம், தலையின் அளவு ஆளுக்கு ஆள் வேறுபடுவதால் மண்டையோட்டின் உட்கொள்ளளவைக் கொண்டு பருமனை எப்படிச் சரிசெய்தோம், தானாக வரையப்பட்ட எல்லைகளை யார் யார் கண்ணால் சரிபார்த்தார்கள் என்பதையெல்லாம் ஆய்வுமுறைப் பகுதியில் நான்கு பக்கங்களுக்கு எழுதினேன். வயதைப் பற்றி ஒரே ஒரு வரிதான் இருந்தது: "பங்கேற்பாளர்களின் வயது ஆண்டுகளில் பதிவுசெய்யப்பட்டது."

கட்டுரையை மதிப்பிட இதழ் அமர்த்தியவர்களில் இரண்டாவது மதிப்பாய்வாளர் அந்த வரியில்தான் கைவைத்தார். துணைக்கோப்பில் நாங்கள் இணைத்திருந்த வயதுப் பரவல் படத்தை அவர் நிதானமாகப் பார்த்திருக்கிறார். 60, 65, 70, 75 ஆகிய இடங்களில் பட்டைகள் பனைமரங்களைப்போல் ஓங்கி நிற்க, இடைப்பட்ட 61, 63, 67, 68 போன்ற வயதுகளில் ஏறத்தாழ வெறுந்தரையாக இருந்தது. வயது எந்தச் சான்றைக் கொண்டு உறுதிசெய்யப்பட்டது என்பதையும், சான்று இல்லாதவர்களின் வயதில் எவ்வளவு பிழை இருக்கக்கூடும் என்பதையும், அந்தப் பிழை முடிவுகளை எப்படிப் பாதிக்கும் என்பதையும் எழுதும்படி மிகுந்த மரியாதையோடு கேட்டிருந்தார். நான் அந்தப் படத்தைப் பலமுறை பார்த்திருக்கிறேன், ஆனால் அந்தக் கேள்வி எனக்கு ஒருமுறைகூடத் தோன்றவில்லை என்பதை இன்றும் வருத்தத்தோடுதான் நினைத்துக்கொள்கிறேன்.

மக்கள்தொகையியல் படித்தவர்களுக்கு இது பழைய செய்தி. பிறந்த நாள் சரியாகத் தெரியாதவர்கள் பூஜ்யத்திலும் ஐந்திலும் முடியும் எண்ணையே வயதாகச் சொல்வார்கள். இந்திய மக்கள்தொகைக் கணக்கெடுப்புகளில் நெடுங்காலமாகக் காணப்படும் இந்தக் குவிவை அளப்பதற்கென்றே விப்பிள் குறியீடு என்ற ஒன்று உண்டு. நம் ஊரில் இதற்கு இன்னொரு காரணமும் சேர்கிறது. முதியோர் உதவித்தொகைக்கு 60 வயது ஆகியிருக்க வேண்டும் என்பதால், விண்ணப்பத்தில் அன்றைக்கு எழுதிய வயதே பிறகு மற்ற அட்டைகளுக்கும் தொடர்ந்துவிடுகிறது. வேறொரு துறையின் கட்டுரையாக இருந்தால் இதைப் பொறுத்துக்கொள்ளலாம். எங்கள் கட்டுரையில் கிடைமட்ட அச்சே வயதுதான். அந்த அச்சில் அங்குமிங்குமாகச் சில ஆண்டுகள் பிழை இருந்தால், வயதுக்கும் பருமனுக்கும் இடையே வரையும் கோட்டின் சாய்வு உண்மையில் இருப்பதைவிடத் தட்டையாகத் தெரியும்; இவ்வூர் மக்களின் மூளை மெதுவாகவே முதுமையடைகிறது என்று நாங்கள் தவறாக மகிழ்ந்து எழுதிவிட வாய்ப்பு உண்டு. முதல் வரைவின் விவாதப் பகுதியில் அப்படி ஒரு பத்தியே இருந்தது.

இதழாசிரியருக்குக் கெடு முடிவதற்கு முன்பே கடிதம் எழுதிக் கூடுதல் அவகாசம் கேட்டேன். ஒரே நாளில் சம்மதம் வந்தது. நெறிமுறைக் குழுவிடம் திருத்த அனுமதி பெற்றுக்கொண்டு மறுபடியும் கிராமங்களுக்குப் போனோம். இம்முறை, அப்பகுதி மக்களுக்கு மறக்க முடியாத நிகழ்வுகளை வரிசைப்படுத்திய ஒரு தாளைக் கொண்டுபோனோம்: 1947-இல் விடுதலை, 1952-இல் முதல் பொதுத்தேர்தல், 1954-இல் காமராசர் முதலமைச்சரானது, 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்த புயல், 1967-இல் ஆட்சி மாற்றம். "அப்போது உங்களுக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா, தலைப்பிள்ளை பிறந்துவிட்டதா?" என்று ஒவ்வொன்றாகக் கேட்டோம்.

ஒரு பாட்டியின் ஆதார் அட்டையில் பிறந்த ஆண்டு மட்டும் 1944 என்று அச்சாகியிருந்தது. புயலைப் பற்றிக் கேட்டதும், "அப்பத்தான் நான் பெரிய மனுஷியாகி ஒரு வருஷம் ஆகியிருந்துச்சு தாயி, இருபது எப்படி இருக்கும்?" என்றார். பிறகு தகரப் பெட்டியிலிருந்து, மஞ்சள் துணியில் சுற்றிய ஒரு பழைய நோட்டை எடுத்துவரச் சொன்னார். அவருடைய தகப்பனார் பிள்ளைகளின் ஜாதகக் குறிப்புகளை ஒரே நோட்டில் எழுதிவைத்திருக்கிறார். விரிசல் விட்ட தாளில், நீல மை பழுப்பாக மாறிய எழுத்தில், "விரோதி வருஷம் ஆவணி மாதம்" என்று தொடங்கும் வரி இருந்தது. விரோதி ஆண்டு என்பது 1949 ஏப்ரலிலிருந்து 1950 ஏப்ரல் வரை. ஆவணி என்றால் 1949 ஆகஸ்ட் நடுவிலிருந்து செப்டம்பர் நடு வரை. புயலின்போது அவருக்குப் பதினைந்து வயது. எங்கள் அட்டவணையில் அவர் ஐந்து ஆண்டுகள் கூடுதல் முதுமையோடு உட்கார்ந்திருந்தார்.

எல்லா வீட்டிலும் இப்படி நோட்டு கிடைத்துவிடவில்லை. கடைசியில் பங்கேற்பாளர்களை மூன்று வகையாகப் பிரித்தோம்: பள்ளிச் சான்றிதழோ ஜாதகக் குறிப்போ இருப்பவர்கள், இரண்டுக்கு மேற்பட்ட நிகழ்வுகளால் வயது உறுதியானவர்கள், சொன்ன வயதை மட்டுமே எடுத்துக்கொள்ள வேண்டியவர்கள். முதல் வகையினரை மட்டும் வைத்துத் தனியாகக் கணக்கிட்டபோது சாய்வு கூடியது. ஆனால் அதையே சரியான விடை என்று எழுதிவிடவும் முடியாது. பள்ளிச் சான்றிதழ் இருப்பவர்கள் பள்ளிக்குப் போனவர்கள், ஓரளவு வசதியான வீட்டுப் பிள்ளைகள். அவர்களுடைய மூளைக்குக் கிடைத்த ஊட்டமும் கல்வியும் வேறு. ஆகவே இரண்டு முடிவுகளையும் அருகருகே தந்து, எது எதனால் வேறுபடலாம் என்பதை வரம்புகள் பகுதியில் விரிவாக எழுதினோம். தட்டையான சாய்வைக் கொண்டாடிய பத்தியை முழுவதுமாக நீக்கினேன். கட்டுரை ஏற்கப்பட்டதற்கு அந்த நீக்கமும் ஒரு காரணம் என்றே நம்புகிறேன்.

பிரிட்டனில் பொதுத் தரவுத் தொகுப்புகளைக் கொண்டு ஆய்வு செய்பவர்:

மேலே உள்ளதைப் படித்தபோது, சரியான வயதுகள் கைக்கு வந்தும் நான் செய்த பிழை நினைவுக்கு வந்தது. யு.கே. பயோபேங்க் என்ற பெரிய உடல்நலத் தரவுத் தொகுப்பில் வயது பற்றிய ஐயம் எழுவதில்லை. 2006 முதல் 2010 வரை, 40 முதல் 69 வயது வரையுள்ள ஐந்து லட்சம் பேர் அதில் சேர்ந்தார்கள். சேர்ந்து சில ஆண்டுகளுக்குப் பின் அவர்களில் ஒரு பகுதியினருக்கு மூளைப் படம் எடுக்கப்பட்டது. நான் அவர்கள் ஒவ்வொருவரின் ஒரே ஒரு படத்தை எடுத்துக்கொண்டு, வயது கூடக் கூட மூளையின் சாம்பல் நிறப் பொருள் "குறைகிறது", "தேய்கிறது", "வேகமாக இழக்கப்படுகிறது" என்று வரைவு முழுவதும் எழுதியிருந்தேன். மதிப்பாய்வாளர் அந்த வினைச்சொற்களை ஒவ்வொன்றாகக் குறிப்பிட்டு, "இவர்களில் ஒருவருடைய மூளையாவது குறைந்ததை நீங்கள் பார்த்தீர்களா?" என்ற பொருளில் கேட்டிருந்தார். நான் பார்த்தது 50 வயதான ஒருவரையும் 75 வயதான வேறொருவரையும் மட்டுமே. அவ்விருவரும் வெவ்வேறு காலத்தில் பிறந்து, வெவ்வேறு உணவும் கல்வியும் பெற்று வளர்ந்தவர்கள். அவர்களுக்கிடையே உள்ள வேறுபாடு முழுவதையும் முதுமையின் கணக்கில் எழுதிவிட முடியாது.

இது புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்ட சிக்கலும் அல்ல. உளவியலாளர் வார்னர் ஷாயி 1956-இல் தொடங்கிய சியாட்டில் நெடுங்கால ஆய்வு, அதே மனிதர்களை ஏழு ஆண்டுகளுக்கு ஒருமுறை மறுபடி சோதித்தபோது, வெவ்வேறு வயதினரை ஒரே நேரத்தில் ஒப்பிட்டால் தெரிவதைவிட அறிவுத்திறனின் சரிவு பிந்தியே தொடங்குவதைக் காட்டியது. அதே தேர்வைத் திரும்பத் திரும்ப எழுதுவதால் வரும் பழக்கமும் மதிப்பெண்ணை உயர்த்தும் என்ற மறுப்பு அதற்கும் உண்டு. நான் செய்ய வேண்டியிருந்தது சொற்களை மாற்றுவதுதான், ஆனால் அது எளிய வேலையாக இருக்கவில்லை. "வயது கூடியவர்களிடம் குறைவாகக் காணப்பட்டது" என்று ஒவ்வொரு வாக்கியத்தையும் திருத்திக்கொண்டே வந்தபோது, என் முடிவுரையில் பாதிக்குமேல் அந்த வினைச்சொற்களின் மேல்தான் நின்றுகொண்டிருந்தது என்பது தெரிந்தது. பாதியை வெட்டினேன்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். படத்தைப் பார்த்து மூளையின் வயதைக் கணிக்கும் முறையை ஃபிராங்கேயும் அவருடைய சக ஆய்வாளர்களும் 2010-இல் முன்வைத்ததிலிருந்து, கணித்த வயதுக்கும் உண்மை வயதுக்கும் உள்ள இடைவெளியைப் பற்றி நிறையக் கட்டுரைகள் வருகின்றன. இத்தகைய கணிப்புகள் இளையவர்களுக்கு வயதைக் கூட்டியும் முதியவர்களுக்குக் குறைத்தும் சொல்லும் இயல்புடையவை என்பதால், அந்த இடைவெளி உண்மை வயதோடு சேர்ந்தே மாறும். அதைச் சரிசெய்யாமல், "உடற்பயிற்சி செய்யும் முதியவர்களின் மூளை இளமையாக உள்ளது" என்று எழுதினால், அந்த இளமை உடற்பயிற்சியால் வந்ததா, கணக்கீட்டால் வந்ததா என்று யாராலும் சொல்ல இயலாது. அந்தச் சரிசெய்தலை எந்தத் தரவைக் கொண்டு கணக்கிட்டு எந்தத் தரவில் செயல்படுத்தினீர்கள் என்பதையும் எழுதிவிடுங்கள். என்னிடம் இரண்டாவது சுற்றில் அதைத்தான் கேட்டார்கள். மேலும், பயோபேங்குக்கு அழைக்கப்பட்டவர்களில் 5.5 விழுக்காட்டினரே சேர்ந்தார்கள், அவர்களும் பொதுவாக நலமானவர்கள் என்பது வரம்புகள் பகுதியில் இல்லாவிட்டால், அதைச் சுட்டிக்காட்ட ஒரு மதிப்பாய்வாளர் நிச்சயம் வருவார்.

எம்.ஆர்.ஐ. தொழில்நுட்பர்:

கட்டுரை எழுதுபவர்கள் எங்களிடம் படங்களை வாங்கிக்கொண்டு போன பிறகு எங்களை மறந்துவிடுகிறார்கள் என்ற ஆதங்கம் எனக்கு உண்டு. ஆகவே ஒன்றிரண்டு செய்திகளை மட்டும் சொல்கிறேன்.

கதிரியக்கவியலில் நோயாளியின் வலப்பக்கம் படத்தின் இடப்பக்கத்தில் தெரியும். நரம்பறிவியல் மென்பொருள்கள் சில இதை நேர்மாறாகக் காட்டும். ஒரு குழு, இடது ஹிப்போகாம்பஸ்தான் வயதோடு அதிகம் வேறுபடுகிறது என்று எழுதி, அனுப்புவதற்கு முந்தைய வாரம் படத்தில் எழுத்துகளைச் சரிபார்க்க என்னை அழைத்தது. நாங்கள் படம் எடுக்கும்போது வலப்பக்க நெற்றிப்பொட்டில் ஒரு வைட்டமின் ஈ மாத்திரையை ஒட்டுவது வழக்கம். உள்ளிருக்கும் எண்ணெய் படத்தில் வெண்மணிபோல் ஒளிரும். அவர்கள் படத்தில் அந்த மணி, "இடது" என்று எழுதியிருந்த பக்கத்தில் ஒளிர்ந்தது. கோப்பு வடிவத்தை மாற்றியபோது எங்கோ பக்கம் புரண்டிருக்கிறது. தலைப்பு, சுருக்கம், மூன்று படங்கள், இரண்டு அட்டவணைகள் அனைத்தையும் திருத்திய பிறகே அனுப்பினார்கள்.

தலை அசைவைப் பற்றியும் எழுதுங்கள். இருமல், முதுகுவலி, நடுக்கம் ஆகியவற்றால் முதியவர்கள் அதிகம் அசைகிறார்கள், அசைந்த படத்தில் சாம்பல் நிறப் பொருள் உண்மையில் இருப்பதைவிடக் குறைவாக அளக்கப்படும்; முதுமையின் விளைவென்று நீங்கள் எழுதுவதில் ஒரு பகுதி அந்த இருமலாக இருக்கலாம். எத்தனை படங்களை ஒதுக்கினீர்கள், அவை எந்த வயதினருடையவை என்று இரண்டு வரி சேர்த்தால் போதும்.

நினைவாற்றல் சோதனைகள் நடத்தும் உளவியலாளர்:

படங்களைப் பற்றி எனக்குத் தெரியாது. நான் கேள்வித்தாளோடு உட்காருபவள். 1975-இல் வெளிவந்த, நினைவாற்றலையும் அறிவாற்றலையும் சோதிக்கும், 30 மதிப்பெண் கொண்ட மினி மென்டல் சோதனையை அப்படியே பயன்படுத்தியதாக எங்கள் வரைவில் எழுதியிருந்தோம். அதில், "கண்களை மூடுங்கள்" என்று எழுதிய அட்டையைப் படித்து அதன்படி செய்ய வேண்டும். ஒரு மீன்காரம்மா அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு என் கையிலேயே கொடுத்தார். அன்று காலையில் ஒன்பது பேருக்குக் கடனாகக் கொடுத்த மீனின் கணக்கை, யாருக்கு எவ்வளவு என்று பைசா பிசகாமல் அதற்குச் சற்று முன்புதான் எங்களிடம் சொல்லியிருந்தார். அட்டவணையில் அவருக்கு அறிவாற்றல் குறைபாடு என்று பதிவாகியிருந்தது.

ஹரியானாவின் பல்லப்கர் பகுதியில், எழுத்தறிவற்ற முதியவர்களுக்காகவே உருவாக்கப்பட்டு 1995-இல் வெளியிடப்பட்ட இந்தி வடிவத்தில், படித்துச் செய்வதற்குப் பதிலாக, சோதிப்பவரின் முகத்தைப் பார்த்து அவர் செய்வதைச் செய்ய வேண்டும். நாங்கள் அந்த வழியைப் பின்பற்றி மாற்றிய கேள்விகளைத் துணைக்கோப்பில் முழுமையாகத் தந்தோம். பள்ளியில் படித்த ஆண்டுகளை மட்டும் எழுதாமல், எழுதப் படிக்கத் தெரியுமா என்பதையும் தனி நெடுவரிசையாகச் சேர்த்தோம். சோதனையின் காப்புரிமை யாரிடம் உள்ளது, அனுமதி பெற்றீர்களா என்று இதழ் கேட்கும். அதற்கான கடிதத்தை முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

இராமநாதபுரம் ஆய்வாளர், மறுபடியும்:

மாற்றிய கேள்விகளைத் துணைக்கோப்பில் தந்ததாக உளவியலாளர் சொன்னதால் இதையும் சேர்க்கிறேன். எங்கள் நிகழ்வுத் தாளையும், தமிழ் ஆண்டுப் பெயர்களை ஆங்கில ஆண்டாக மாற்றிய அட்டவணையையும் அப்படியே இணைத்தோம். அச்சுக்கு முந்தைய சரிபார்ப்புப் படி வந்தபோது, ஓரத்தில் ஒரு கேள்வி இருந்தது: இந்த ஆண்டுப் பெயர்கள் அறுபது ஆண்டுகளுக்கு ஒருமுறை திரும்ப வருமென்றால், விரோதி என்பது 1949-தான் என்று எப்படி முடிவு செய்தீர்கள்? 1889 என்றால் அந்தப் பாட்டிக்குப் புயலின்போது 75 வயதாகியிருக்கும், 2009 என்றால் அவர் பிறந்தே இருக்கமாட்டார் என்பதை அடிக்குறிப்பாக எழுதி, அன்று மாலையே திருப்பி அனுப்பினேன்.