மறுமொழி: காசிரங்காவின் மேடுகளுக்கு என்ன பெயர்? – ‘ஒதுங்குமேடு’

அன்பு நண்பர்களுக்கு வணக்கம்.

மலேசியத் தமிழ்ப்பள்ளி மாணவர்களுக்காக நாம் எழுதும் காட்டுயிர்க் கையேட்டில், இந்தியாவின் அசாம் மாநிலத்திலுள்ள காசிரங்கா தேசியப் பூங்கா பற்றிய பாடம் ஒரு சொல்லுக்காக இரண்டு வாரமாகக் காத்திருக்கிறது. வெள்ளக் காலத்தில் விலங்குகள் ஏறி நிற்பதற்காகப் பூங்காவுக்குள் மண் கொட்டி எழுப்பியிருக்கிறார்களே, அந்த மேடுகளை என்னவென்று அழைப்பது? ஈப்போ நண்பர் ‘செயற்கை உயர்நிலம்’ என்றார். சுங்கை சிப்புட் ஆசிரியை ‘வெள்ளப் புகலிடம்’ என்றார். இரண்டும் எனக்கு ஒப்பவில்லை.

தெலுக் இந்தானில் சனிக்கிழமை வகுப்பில் ‘உயர்நிலம்’ என்று எழுதிக் காட்டினேன். “கேமரன் மலை மாதிரிக் குளிருமா ஐயா?” என்று ஒரு சிறுமி கேட்டாள். அவள் கேட்டதில் தவறே இல்லை. அந்தச் சொல் உயரத்தைச் சொல்கிறது, எதற்காக உயரம் என்பதைச் சொல்லவில்லை.

‘புகலிடம்’ அழகான சொல்தான். ஆனால் சரணாலயத்துக்கும் நாம் அதையே எழுதுகிறோம். 1950இல் சரணாலயமாகவும் 1974இல் தேசியப் பூங்காவாகவும் ஆன இடம் காசிரங்கா. முழுக் காடும் புகலிடம், அதற்குள் ஒரு மேடும் புகலிடம் என்றால் பிள்ளைகள் குழம்புவார்கள். அதைவிடப் பெரிய தடை பொருளில் இருக்கிறது. வீடிழந்தவர்தான் புகலிடம் தேடுவார். காசிரங்காவின் காண்டாமிருகம் வீடிழக்கவில்லை. பிரம்மபுத்திரா ஆண்டுதோறும் கரை புரண்டு உள்ளே வருகிறது. பீல் என்று அங்குள்ளோர் சொல்லும் ஏரிகளை அடைத்துக் கிடக்கும் ஆகாயத்தாமரையை அடித்துச் செல்கிறது, வண்டலைப் பரப்புகிறது, புல்வெளியைப் புதுப்பிக்கிறது. 2022 கணக்கெடுப்பில் 2,613 காண்டாமிருகங்கள் இருந்தன என்றால், அவற்றுக்கு அந்தப் புல்லை விளைவித்ததில் வெள்ளத்துக்கும் பங்குண்டு. ஆகவே வெள்ளத்தைப் பகையாகக் காட்டும் சொல் இங்கே வேண்டாம். நீர் வடியும்வரை சற்று விலகி நிற்க விலங்குகளுக்கு ஓர் இடம் வேண்டும், அவ்வளவுதான்.

அப்படி விலகுவதுதான் இன்று கடினம். தெற்கே கார்பி ஆங்லாங் குன்றுகளுக்குப் போக வேண்டுமானால் நடுவே தேசிய நெடுஞ்சாலை. வெள்ள நாட்களில் வண்டிகளுக்கு மணிக்கு 40 கிலோமீட்டர் என்று வேகத்தைக் கட்டுப்படுத்துகிறார்கள். அப்படியும் பன்றிமான்கள் அடிபடுகின்றன. 2019 ஜூலையில் ஒரு பெண்புலி சாலையோர வீட்டுக்குள் நுழைந்து, கட்டிலில் ஏறிப் பகலெல்லாம் உறங்கியது. களைத்துப்போன அந்த உயிருக்கு வேண்டியிருந்தது நனையாத ஓர் இடம். காட்டுக்குள்ளேயே அந்த இடத்தைக் கொடுப்பதற்காகத்தான் இந்த மேடுகள்.

என் சொல் எங்கள் தோட்டத்திலிருந்து வந்தது. நான் சிறுவனாக இருந்தபோது ஒருமுறை பேராக் ஆறு பெருகி லயத்து வீடுகளுக்குள் (தொழிலாளர்களின் வரிசை வீடுகள்) நீர் புகுந்தது. மாரியம்மன் கோயில் மேட்டில் எல்லோரும் ஏறினோம். ஆடு, மாடு, நாய்களோடு ஓர் உடும்பும் இரண்டு பாம்புகளும் அங்கே இருந்தன. அவற்றை அடிக்கக் கம்பை எடுத்த தண்டலை, அதாவது தோட்டக் கண்காணியை, என் பாட்டி தடுத்தார். “அதுவும் நம்மைப் போல ஒதுங்கத்தானே வந்திருக்கிறது” என்றார். மூன்றாம் நாள் நீர் வடிந்தபோது பாம்புகளைக் காணவில்லை.

ஆகவே ‘ஒதுங்குமேடு’. ஊறுகாய், சுடுகாடு போல இதுவும் வினைத்தொகை. ஒதுங்கிய, ஒதுங்குகிற, ஒதுங்கும் மேடு என மூன்று காலமும் அதற்குள் அடங்கும். மழைக்கு ஒதுங்குகிறவர் மழை விட்டதும் கிளம்பிவிடுவார். அந்தத் தற்காலிகம் ‘புகல்’ என்பதில் இல்லை.

இரண்டு மறுப்புகள் வரும் என்று தெரியும். பிணம் கரை ஒதுங்கியது என்று செய்தித்தாள் எழுதுகிறது. கொல்லைப்புறம் போவதையும் சிற்றூர்களில் ஒதுங்குவது என்பார்கள். உண்மைதான். ஆனால் ‘மேடு’ சேர்ந்தவுடன் அந்த நினைவு எழுவதில்லை. வகுப்பில் சொல்லிப் பார்த்தேன், பிள்ளைகள் உடனே வெள்ளத்தையும் விலங்கையும்தான் சொன்னார்கள்.

பயணக் குறிப்புப் பகுதியிலும் இச்சொல் வேண்டும். மழைக்காலத்தில் பூங்காவை மூடிவிடுவதால், பயணிகள் பார்ப்பது வெறும் புல் முளைத்த மேட்டைத்தான். டிசம்பரில் கொஹோரா பகுதியில் ஜீப்பில் போனபோது நானே முதல் மேட்டைக் கவனிக்காமல் கடந்துவிட்டேன். பெயர் தெரிந்திருந்தால் நிறுத்தச் சொல்லியிருப்பேன்.

ஆறு பெருகும்போது நீர் பரவும் நிலத்துக்கு நாம் எழுதும் ‘வெள்ளச் சமவெளி’ அப்படியே இருக்கட்டும். ‘படுகை’ எனக்குப் பிடித்த சொல், ஆனால் காவிரிப் படுகை என்று ஆற்றின் முழு வடிநிலத்துக்கும் அது பழகிவிட்டது. அடுத்த பாடம் நம் சபா மாநிலத்தின் கினாபாத்தாங்கான் ஆற்று வெள்ளச் சமவெளி. 2005இல் அறிவிக்கப்பட்ட அந்தச் சரணாலயம் செம்பனை (எண்ணெய்ப்பனை) தோட்டங்களுக்கிடையே துண்டு துண்டாகக் கிடப்பதை நம் பிள்ளைகளுக்கு அதிகம் விளக்கவேண்டியிருக்காது.

வெள்ளிக்கிழமை கையேடு அச்சுக்குப் போகிறது. வேறு நல்ல சொல் இருந்தால் வியாழன் இரவுக்குள் எழுதுங்கள். ஆசிரியை அவர்களின் கருத்தை முதலில் எதிர்பார்க்கிறேன்.