நாடு விட்டு நாடு துரத்தும் பேய்க்கதையில் எது சுவை?

கேள்வி:
வணக்கம். மாங்குளத்திலிருந்து எழுதுகிறேன். நாடு நாடாக அலையும் அமானுஷ்யத் திகில் நாவல்கள் என்றால் எனக்குத் தீராத ஆசை. ஆனால் அண்மையில் வாசித்த சிலவற்றில் அத்தியாயத்துக்கொரு நகரம் வந்துபோனதே தவிர, நெஞ்சு ஒருமுறையேனும் பதறவில்லை. 1897இல் வெளிவந்த பிராம் ஸ்டோக்கரின் ‘டிராகுலா’வையோ விடியும்வரை கீழே வைக்க முடியவில்லை. இந்த வேறுபாடு எங்கிருந்து வருகிறது?

மறுமொழி 1:
தம்பி, இரத்தம் குடிக்கும் டிராகுலா பிரபு என்ற அந்தப் பேய்க்கு இருக்கும் கட்டுப்பாடுகளிலிருந்துதான் வருகிறது என்பது என் எண்ணம். அழைக்காத வீட்டுக்குள் அது முதன்முறை நுழைய முடியாது. சொந்த மண்ணில்லாமல் ஓய்வெடுக்கவும் முடியாது. அதனால்தான் 50 பெட்டி மண்ணோடு கருங்கடலோர வார்ணாத் துறைமுகத்தில் கப்பலேறி இங்கிலாந்தின் விட்பிக்கு வரவேண்டியிருக்கிறது. மாலுமிகள் ஒவ்வொருவராகக் காணாமற்போக, சுக்கானோடு கைகள் கட்டப்பட்ட நிலையில் இறந்துகிடக்கும் தலைவனோடு அந்தக் கப்பல் கரைசேரும் இடத்தை மறக்க முடியுமா? நினைத்த கணத்தில் நினைத்த நாட்டில் தோன்றக்கூடிய பேய்க்குப் பயணமே தேவையில்லை. அதைத் துரத்துவதிலும் பதற்றமில்லை. தெய்வ காரியத்தைக் கதையோடு ஒப்பிடுவது தகாது, ஆனாலும் சொல்கிறேன்: முல்லைத்தீவு வற்றாப்பளை அம்மன் பொங்கலில் உப்புநீரில் விளக்கெரியும்போது நமக்கு மெய்சிலிர்ப்பதற்கு, அந்த நீரை எடுக்கும் நாளும் முறையும் வழுவாமல் காக்கப்படுவதும் ஒரு காரணம் அல்லவா?

மறுமொழி 2:
அண்ணா சொன்னதை ஏற்கிறேன். துரத்துகிறவர்களும் புகைவண்டி நேரத்தையும் தந்தியையும் நம்பித்தான் இருக்கிறார்கள். தாய்நாட்டுக்குத் தப்பியோடும் பிரபுவின் கப்பலுக்காக அவர்கள் வார்ணாவில் நாட்கணக்காகக் காத்திருக்க, அது கலாட்ஸ் என்ற வேறொரு துறைமுகத்துக்குப் போய்விட்டதென்று தந்தி வந்த பக்கத்தில் நான் பாயிலிருந்து எழுந்து உட்கார்ந்துவிட்டேன். பிறகு துரத்துகிறவர்களில் ஒருத்தியான மீனா ஆறுகளின் போக்கை ஆராய்ந்து, பேய் எந்த ஆற்றால் திரும்பும் என்று கணிப்பது அருமையிலும் அருமை. ஸ்டோக்கர், பிரபுவின் கோட்டை இருக்கும் டிரான்சில்வேனியாவுக்குப் போனதேயில்லை; நூல்களை வாசித்தே எழுதினார். வன்னியை விட்டு வெளியே போகாதவர்களும் இப்படியொரு நாவல் எழுதலாம்.

மறுமொழி 3:
எனக்கு இலண்டன் பகுதி சற்று இழுவைதான். முதல் நான்கு அத்தியாயங்களுக்காகவே அதைத் திரும்பத் திரும்ப வாசிக்கிறேன். பிரபுவின் கோட்டைக்குப் போகும் வழியில், மீனாவை மணக்கவிருக்கும் ஜோனதன் மிளகாய்த்தூளிட்ட கோழிக்கறி சாப்பிட்டுத் தாகமெடுத்துத் தவிக்கிறான். அதன் செய்முறையை மீனாவுக்காகக் கேட்டுவைக்க வேண்டுமென்றும் குறித்துக்கொள்கிறான். அந்தக் கறியை நம்பியதால்தான் பிறகு சுவரில் தலைகீழாக ஊர்ந்திறங்கும் பிரபுவையும் நம்பினேன். எங்கள் அம்மம்மாவும் முனியின் கதையை, அன்று குளத்தில் என்ன மீன் பிடிபட்டது, அதை யார் ஆக்கினார்கள் என்பதிலிருந்துதான் தொடங்குவார்.