டிகாக்‌ஷன் இறங்க மறுக்கிறது, யாராவது வழி சொல்லுங்கள்

வணக்கம். எங்கள் வீட்டில் காலைக் காபி அப்பாவின் வேலை. ஐந்து மணிக்கு எழுந்து பித்தளை பில்டரில் பொடி போட்டு, மேலே காம்பு வைத்த தட்டான குடையை வைத்து லேசாக அழுத்தி, வெந்நீர் ஊற்றிவிட்டுத்தான் பல் தேய்க்கப் போவார். முதல் டம்ளர் அம்மாவுக்கு. அம்மா தவராவில் ஒருமுறை ஆற்றி, ஒரு வாய் குடித்து, "ம்" என்பார். அந்த "ம்" வந்த பிறகுதான் அப்பா தனக்குக் கலப்பார்.

இப்போது அப்பாவுக்குக் கை நடுக்கம். இரண்டு மாதமாக நான்தான் போடுகிறேன். பொடி அதே கலவைதான்: பீபரி, பிளான்டேஷன் ஏ என்ற இரண்டு கொட்டை வகைகளும் சம பங்கு, அதோடு நூற்றுக்கு இருபது சிக்கரி. ஆனால் டிகாக்‌ஷன் பாதியில் நின்றுவிடுகிறது. மேல் பாத்திரத்தைத் தட்டினால் மளமளவென்று தண்ணீராக இறங்குகிறது. அப்பா வைக்கும் கள்ளிச்சொட்டு போலக் கெட்டியான டிகாக்‌ஷன் ஒரு நாள்கூட வரவில்லை. துளைகளை ஊசியால் குத்தி, அடுப்பில் காட்டியும் பார்த்துவிட்டேன்.

கடை மாற்றினேன், அரவை நைசாகிவிட்டதோ? குடையை அதிகம் அழுத்துகிறேனா? தண்ணீர் கொதித்ததும் ஊற்றலாமா, சற்று ஆறவிட வேண்டுமா? அப்புறம், பில்டரின் உள்ளே ஈயப்பூச்சு தேய்ந்து பித்தளை தெரிகிறது. மயிலாப்பூர், மாம்பலம் பக்கம் இன்னும் ஈயம் பூசுகிறவர்கள் இருக்கிறார்களா? எவர்சில்வர் பில்டர் வாங்கலாம்தான், ஆனால் இது அம்மாவின் கல்யாணச் சீர்.

அப்பாவிடம் கேட்டால், "நன்றாகத்தானே இருக்கிறது" என்கிறார். அம்மா மட்டும் இன்னும் "ம்" சொல்லவில்லை.