படுக்கையறையில் பூஞ்சை வாடை போகவே மாட்டேன் என்கிறது, ஓசோன் அடிக்கலாமா? அவசரம்

கீழ்வீட்டான்:
வணக்கம். மழை ஆரம்பித்ததிலிருந்து படுக்கையறையில் பூஞ்சை வாடை தாங்க முடியவில்லை. துணியெல்லாம் அதே வாடை. ஒரு கம்பெனி ஆட்கள் வந்து புகை மாதிரி ஏதோ அடித்துவிட்டுப் போனார்கள். கொஞ்ச நாள் எலுமிச்சை வாசம், அப்புறம் பழையபடி. இப்போது வேறு ஒருவர் ஓசோன் மெஷின் வைத்தால் நிரந்தரமாகப் போய்விடும் என்கிறார், 12,000 ரூபாய் கேட்கிறார். கொடுக்கலாமா வேண்டாமா? அடுத்த வாரம் ஊரிலிருந்து அம்மா வருகிறார், அவருக்கு வீசிங் உண்டு. சீக்கிரம் சொல்லுங்கள்.

ரசம்சாதம்:
எந்த ஊர்? எத்தனையாவது மாடி? சொந்த வீடா, வாடகையா? சுவரில் கறுப்பாகவோ பச்சையாகவோ ஏதாவது தெரிகிறதா? ஏசி உண்டா? இதெல்லாம் தெரியாமல் என்ன சொல்வது?

குன்னூர்_மணி:
ஓசோனுக்குக் கொடுக்கும் பணத்தோடு இன்னும் கொஞ்சம் போட்டு காற்றின் ஈரத்தை இழுக்கும் டிஹியூமிடிஃபையர் வாங்கிவிடுங்கள். எங்கள் ஊரில் ஜூன் முதல் ஜனவரி வரை அது இல்லாவிட்டால் செருப்பில்கூடப் பூசணம் பிடிக்கும். அறையின் ஈரப்பதம் 60 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் பூஞ்சைக்கு வேலை இல்லை. ஈரப்பதம் காட்டும் சின்ன ஹைக்ரோமீட்டர் ஒன்று வாங்கி வைத்துப் பாருங்கள், சில நூறு ரூபாய்தான். மலைப்பகுதியாக இருந்தால் மட்டும் கம்ப்ரசர் மாடல் வேண்டாம், குளிரில் சுருளில் பனி கட்டிக்கொள்ளும்.

தேம்ஸ்_தமிழச்சி:
இது கண்டென்சேஷன். சந்தேகமே வேண்டாம். லண்டன் வந்த முதல் குளிர்காலத்தில் எங்கள் வீட்டிலும் இதே கதைதான். ஜன்னலைச் சாத்திக்கொண்டு சமைப்பது, துணியை வீட்டுக்குள் காயப்போடுவது, இந்த நீராவியெல்லாம் குளிர்ந்த சுவரில் போய்ப் படிகிறது. தினமும் காலையில் எல்லா ஜன்னலையும் பத்து நிமிடம் திறந்து வையுங்கள். பீரோவைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளிப் போடுங்கள்.

தளம்63:
மழைக்காலம் வந்தால் இந்தக் கேள்வியும் வந்துவிடுகிறது. பழைய இழைகளைத் தேடிப் படிக்க யாருக்கும் பொறுமை இல்லை. இருந்தாலும் சொல்கிறேன்.

வாடை என்பது நோய் இல்லை, அறிகுறி. பூஞ்சை வளரும்போது விடும் வாயுதான் உங்கள் மூக்குக்குத் தெரிகிறது. பூஞ்சை வளர்கிறது என்றால் எங்கேயோ தண்ணீர் இருக்கிறது. தண்ணீரை நிறுத்தாமல் வாடைக்கு மருந்து அடிப்பது குழாயை மூடாமல் தரையைத் துடைப்பதுபோல. புகை அடித்தவர்கள் செய்தது அதுதான், ஓசோன்காரர் செய்யப்போவதும் அதுதான்.

ஓசோன் நுரையீரலுக்கு ஆகாது. மனிதர்களுக்குத் தீங்கு செய்யாத அளவில் விட்டால் அது காற்றில் உள்ள அசுத்தத்தை நீக்குவதும் சொற்பமே என்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையே சொல்கிறது. பூச்சுக்குள் இருக்கும் பூஞ்சையை அது தொடுவதில்லை. ஆஸ்துமா இருப்பவர் வரப்போகும் வீட்டில் இந்த யோசனையே தவறு.

லண்டன் சகோதரிக்கு: சென்னை மாதிரி ஊரில் டிசம்பரிலும் சுவர் வியர்க்கும் அளவுக்குக் குளிர்வதில்லை. அங்குள்ள மருந்தை இங்கே எழுதிக் கொடுக்காதீர்கள். அதோடு, மழை பெய்யும்போது ஜன்னலைத் திறந்தால் வெளியே இருக்கும் 90 சதவீத ஈரமும் உள்ளேதான் வரும்.

தேம்ஸ்_தமிழச்சி:
ஏசி அறைக்குப் பக்கத்துச் சுவர் வியர்க்காதா? 18-இல் வைத்துத் தூங்குகிறவர்கள் இல்லையா? அவர் எந்த ஊர் என்றே இன்னும் சொல்லவில்லை, நீங்கள் சென்னை என்று முடிவு கட்டிவிட்டீர்கள்.

தளம்63:
ஏசி அறைச் சுவர் வியர்க்கும், அதை ஒப்புக்கொள்கிறேன். மற்றதெல்லாம் நான் சொன்னதுதான்.

கொத்தனார்_பேரன்:
எல்லாம் சிமென்ட் வந்ததனால் வந்த வினை. தாத்தா காலத்துச் சுண்ணாம்புச் சுவரில் ஓதம் ஏறினாலும் மூச்சுவிட்டு ஆறிவிடும். இப்போது சிமென்ட் பூச்சு, மேலே பட்டி, அதன் மேல் பிளாஸ்டிக் மாதிரி எமல்ஷன். ஈரம் எந்தப் பக்கம் போகும்? பெயின்டைச் சுரண்டிவிட்டுச் சுண்ணாம்பு அடியுங்கள், வாடை போய்விடும். சுண்ணாம்பின் காரத்தில் பூஞ்சை வளராது.

கீழ்வீட்டான்:
ஆபீசில் இருக்கிறேன், சுருக்கமாகச் சொல்கிறேன். சென்னை, மடிப்பாக்கம். தரைத்தளம். வாடகை வீடு. ஏசி இருக்கிறது, இப்போது போடுவதில்லை. சுவரில் ஒன்றும் தெரியவில்லை, போன வருடம்தான் ஓனர் பெயின்ட் அடித்தார். வாடை பீரோ பக்கம்தான் அதிகம். பிளீச்சிங் பவுடர் கரைத்துத் துடைத்தோம், பிரயோஜனம் இல்லை. ஓசோன் வேண்டாம் என்றால் வேறு என்ன?

ரசம்சாதம்:
பீரோ என்றால் இரும்பு பீரோவா, சுவரோடு அடித்த வார்ட்ரோபா? அதற்குப் பின்னால் என்ன இருக்கிறது?

இன்னொன்று, பிளீச்சிங் பவுடர் போட்ட இடத்தில் தயவுசெய்து பாத்ரூம் ஆசிட் எதையும் ஊற்றாதீர்கள். இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு வரும். அம்மாவுக்கு மட்டுமில்லை, யாருக்கும் ஆகாது.

மழைநீர்_மன்னன்:
மடிப்பாக்கம் தரைத்தளமா? அப்படியென்றால் கேள்வியே இல்லை. வருடாவருடம் ரோட்டை மேலே மேலே போட்டு வீடெல்லாம் பள்ளத்தில் இறங்கிவிட்டது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது உங்கள் பக்கம் எவ்வளவு தண்ணீர் நின்றது என்று அக்கம்பக்கத்தில் கேளுங்கள். அப்போது குடித்த தண்ணீரை அந்தச் சுவர் இன்னும் கக்கிக்கொண்டிருக்கும். வீட்டை மாற்றுங்கள்.

கீழ்வீட்டான்:
வார்ட்ரோப். பின்பக்கம் பாத்ரூம். அது முக்கியமா?

ரசம்சாதம்:
அதைத்தானே முதலில் சொல்லியிருக்க வேண்டும்!

தளம்63:
இதற்குத்தான் முழு விவரம் கொடுங்கள் என்று தலைப்பாடாக அடித்துக்கொள்வது.

வார்ட்ரோப்பைக் காலி செய்யுங்கள். கீழ்த்தட்டில் பின்பலகையைக் கையால் அழுத்திப் பாருங்கள். மரத்தூளை அழுத்திச் செய்த பார்ட்டிக்கிள் போர்டு என்றால் ஊறி உப்பியிருக்கும், விரல் உள்ளே போனாலும் ஆச்சரியமில்லை. லேமினேட் ஒட்டிய முன்பக்கம் பளபளவென்றுதான் இருக்கும், பூஞ்சையெல்லாம் சுவரைப் பார்த்த பக்கத்தில். போன வருடப் பெயின்ட் வார்ட்ரோப்புக்குப் பின்னால் போயிருக்காது.

அப்புறம் சுவரைச் சோதியுங்கள். இரண்டடிக்கு இரண்டடி பாலிதீன் தாளை நான்கு பக்கமும் டேப் போட்டுச் சுவரில் ஒட்டி இரண்டு நாள் விடுங்கள். தாளுக்கும் சுவருக்கும் நடுவே நீர்த்துளி கோத்தால் சுவருக்குள் ஈரம். அறையைப் பார்த்த பக்கம் ஈரமானால் காற்றில் ஈரம், அப்போது லண்டன் சகோதரி சொன்னது சரி.

மழைநீர் மன்னருக்கு: கீழேயிருந்து ஏறும் ஓதம் வீட்டின் எல்லாச் சுவரிலும் கணுக்கால் முதல் இடுப்பு வரை கோடு போட்டதுபோல உப்புப் பூத்து நிற்கும். ஒரே சுவரில் ஒரே இடத்தில் என்றால் முதல் சந்தேகம் குழாய் மேல்தான்.

குழாய்_டாக்டர்:
பிளம்பர் பேசுகிறேன். பாத்ரூமை ஒட்டிய வார்ட்ரோப் என்றாலே எனக்குப் பாதி தெரிந்துவிடும். மூன்று இடம் பார்க்க வேண்டும். ஒன்று, சுவருக்குள் போகும் தண்ணீர் லைன். டேப்பையெல்லாம் கழற்றி மூடி போட்டு, கைப்பம்பு வைத்து பிரஷர் ஏற்றிவிட்டு முள்ளைப் பார்த்தால் போதும். முள் இறங்கினால் லைனில் கசிவு. சுடுதண்ணீர் லைனைத் தனியாகப் பார்க்கச் சொல்லுங்கள், பலரும் அதை விட்டுவிடுவார்கள். இரண்டாவது தரை. தரையில் தண்ணீர் இறங்கும் நஹானி டிராப்பைத் துணி வைத்து அடைத்து, துணிக்குப் போடும் நீலத்தைக் கரைத்து நிறுத்துங்கள். பக்கத்து அறையில் சுவரடி டைல்ஸ் (ஸ்கர்ட்டிங்) ஓரம் நீலம் தெரிந்தால் டைல்ஸ் இடுக்கு அல்லது டிராப்பைச் சுற்றி ஓட்டை. மூன்றாவது, வெளியே போகும் பைப் சுவரைத் தாண்டும் இடம். டைல்ஸ் மொத்தத்தையும் உடைக்கணும் என்று எடுத்த எடுப்பிலேயே சொல்கிற ஆளை அனுப்பிவிடுங்கள்.

குன்னூர்_மணி:
டிஹியூமிடிஃபையர் போட்டால் சுவரும் காயும்.

குழாய்_டாக்டர்:
ஒழுகுகிற சுவரையா? வீட்டுத் தண்ணீர் டேங்க் காலியாகும்வரை காயவைத்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

வீட்டுக்காரம்மா:
ஒன்று கேட்கிறேன். வாடகைக்கு இருந்துகொண்டு இவர் ஏன் 12,000 செலவழிக்க வேண்டும்? அதேபோல, குடியிருப்பவர்கள் ஈரத்துணியை அறைக்குள் போட்டு, எக்ஸாஸ்ட் ஃபேனை அணைத்துவைத்து, சுவரைப் பாழாக்கிவிட்டு ஓனர் தலையில் கட்டுவதையும் பார்த்திருக்கிறேன். நானும் ஓனர்தான்.

மழைநீர்_மன்னன்:
வந்துவிட்டார்கள். அட்வான்ஸில் பெயின்டுக்கு என்று பிடிக்கும்போது மட்டும் சுவர் ஓனருடையது.

வீட்டுக்காரம்மா:
நான் யாரிடமும் பிடித்ததில்லை. பொதுவாகப் பேசாதீர்கள்.

ரசம்சாதம்:
2017-ஆம் ஆண்டின் தமிழ்நாடு வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. அதன் அட்டவணையில் கட்டுமானப் பழுது, சுவருக்கு வெள்ளையடிப்பது, குழாய் மாற்றுவது எல்லாம் ஓனர் பொறுப்பு என்று இருக்கிறது, குடியிருப்பவர் கெடுத்ததைத் தவிர. ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதியிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

தேம்ஸ்_தமிழச்சி:
இங்கே 2020-இல் ராச்டேல் நகரில் பூஞ்சை பிடித்த வீட்டில் இருந்த இரண்டு வயதுக் குழந்தை இறந்துபோனது. அதற்குப் பிறகுதான் குறைந்த வாடகைக்கு வீடு விடும் சமூக வீட்டு அமைப்புகள் குறித்த கெடுவுக்குள் ஓதத்தைச் சரிசெய்தாக வேண்டும் என்று அந்தக் குழந்தையின் பெயரிலேயே சட்டம் வந்தது. அதுவரை "ஜன்னலைத் திறந்து வை" என்றுதான் குடியிருப்பவர்களுக்குப் புத்தி சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

தளம்63:
நீங்களும் அதைத்தானே மேலே சொன்னீர்கள்?

தேம்ஸ்_தமிழச்சி:
பாத்ரூம் சுவர் என்று அவர் அப்போது சொல்லவில்லை. உங்களுக்கு எல்லாவற்றிலும் ஜெயித்தாக வேண்டும்.

கொத்தனார்_பேரன்:
சண்டையை விடுங்கள். கசிவை அடைத்த பிறகு அந்தச் சுவரில் சுண்ணாம்புப் பூச்சு போடச் சொல்லுங்கள், கேளுங்கள் நான் சொல்வதை.

தளம்63:
அதில் ஓரளவு நியாயம் உண்டு. ஆனால் உப்பு இறங்கிய பழைய பூச்சைக் கொத்தி எடுத்த பிறகு. அந்த உப்பு காற்றிலிருந்தே ஈரத்தை இழுக்கும், கசிவு நின்றாலும் சுவர் நசநசப்பாகவே இருக்கும். அவசரப்பட்டு உடனே பெயின்டும் அடிக்க வேண்டாம். ஒரு அங்குலக் கனம் காய ஒரு மாதம் என்பது தோராயக் கணக்கு.

கீழ்வீட்டானுக்குக் கடைசியாக: ஆளை வைத்துத்தான் செய்வேன் என்றால், என்ன மருந்து அடிப்பீர்கள் என்று கேட்காதீர்கள். ஈரத்தை எதை வைத்து அளப்பீர்கள், வேலைக்கு முன்னும் பின்னும் அளவு காட்டுவீர்களா, ஊறிய பலகையை எடுத்துப் போடுவீர்களா, எடுக்கும்போது தூள் மற்ற அறைக்குப் போகாமல் பாலிதீன் கட்டுவீர்களா, நுண்தூளையும் பிடிக்கும் ஹெப்பா வேக்குவம் உண்டா என்று கேளுங்கள். முழிக்கிற ஆள் வாசனைத் தண்ணீர் தெளிப்பவர். ஈரமானி ஊசி உப்புச் சுவரில் கூட்டிக் காட்டும், அதைத் தெரிந்து சொல்கிறாரா என்றும் பாருங்கள். ஊறிய பார்ட்டிக்கிள் போர்டைக் காயவைத்துக் காப்பாற்ற முடியாது, யார் சொன்னாலும் நம்பாதீர்கள். செத்த பூஞ்சையும் மூச்சுத் தொல்லை தரும், அதனால் கொல்வதைவிட அகற்றுவதுதான் வேலை.

ரசம்சாதம்:
பலகையைக் கழற்றும்போது என்95 மாஸ்க் போட்டுக்கொள்ளுங்கள். அந்த நேரம் அம்மா அங்கே இருக்க வேண்டாம்.

குன்னூர்_மணி:
என்ன ஆச்சு? ஆளையே காணோமே.

மழைநீர்_மன்னன்:
ஓசோன் அடித்திருப்பார்.

கீழ்வீட்டான்:
சுடுதண்ணீர் லைன்தான். வார்ட்ரோப் பின்பலகை அப்படியே கையோடு வந்துவிட்டது, பின்னால் முழுக்கக் கறுப்பு. ஓனர் குழாய்க்கும் பூச்சுக்கும் ஒப்புக்கொண்டார், வார்ட்ரோப்புக்கு இன்னும் இழுக்கிறார். பலகையை வெளியே போட்ட அன்றே வாடை பாதி குறைந்தது. அம்மா இப்போதைக்கு அக்கா வீட்டில். ஓசோன் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். நன்றி எல்லோருக்கும், அவசரமாகப் போகிறேன்.

குழாய்_டாக்டர்:
சொன்னேனா இல்லையா? வளைவிலா, ஜாயின்டிலா?

தாம்பரம்_தாஸ்:
எனக்கும் இதே வாடை, ஆனால் மூன்றாவது மாடி, பாத்ரூம் அந்தப் பக்கம் இல்லை. ஓசோன் அடிக்கலாமா?

ரசம்சாதம்:
எந்தப் பக்கச் சுவர்? மொட்டை மாடிக்குக் கீழேயா? ஏசி டிரைன் பைப் எங்கே போகிறது?