மறு: இன்-சிட்டு ரிசோர்ஸ் யூட்டிலைசேஷனுக்குத் தமிழ்ல என்ன? ‘கிடைவளம்’னு சொல்லலாமா

வணக்கம் நண்பர்களே,

ரெண்டு நாளா ஓடுற பேச்ச முழுசா படிச்சுட்டுத்தான் எழுதுறேன். வேற கோள்ல போய் இறங்குன இடத்துலயே இருக்கிற காத்து, பனி, மண்ணு இதுகள வச்சே நமக்கு வேணுங்கிறத செஞ்சுக்கிறதுக்கு, அதாவது இன்-சிட்டு ரிசோர்ஸ் யூட்டிலைசேஷனுக்கு, இதுவரைக்கும் இங்க வந்த தமிழ்ச் சொல் மூணு: உள்ளூர் வளப் பயன்பாடு, நிலவளப் பயன்பாடு, தன்னிறைவு. மூணுமே எனக்கு மனசுல ஒட்டல. செவ்வாய்ல மனுசன் குடியிருக்க முடியுமாங்கிற கேள்வி கடைசில இந்த ஒரு விசயத்துல தான் வந்து நிக்குது, அதனால கொஞ்சம் நீட்டியே சொல்றேன், பொறுத்துக்கோங்க.

மொதல்ல உள்ளூர். ஊரே இல்லாத இடத்துல உள்ளூர் எங்கேர்ந்து வரும்? ஊர் உண்டாகணும்னா எது வேணுமோ அதுக்குத்தான் நாம பேர் தேடிட்டிருக்கோம்.

நிலவளம்னு சொன்னா நம்ம காதுக்கு விளையிற பூமி தான் ஞாபகம் வரும். செவ்வாய் மண்ணு அப்படி இல்ல, 2008ல நாசாவோட ஃபீனிக்ஸ் லேண்டர் (தரையிறங்கு கலம்) அங்க தோண்டிப் பாத்தப்ப பெர்குளோரேட் உப்பு இருக்கிறது தெரிஞ்சுச்சு, அது தைராய்டுக்கு ஆகாத சரக்கு, அத நீக்காம அந்த மண்ணுல எதையும் வெளைய வச்சு சாப்பிட முடியாது. அதோட, இன்னொரு கோள்ல மனுசன் மொத மொத செஞ்சு பாத்த சரக்கு மண்ணுலேர்ந்து வரவே இல்ல, காத்துலேர்ந்து வந்துச்சு. நாசாவோட பெர்சிவரன்ஸ் ரோவர்ல (செவ்வாய்த் தரைல ஓடுற வண்டி) போன மாக்ஸிங்கிற கருவி செவ்வாய்க் காத்த இழுத்து (அதுல 95 சதவீதம் கார்பன் டை ஆக்சைடு தான்), 800 டிகிரி செல்சியஸ் சூட்டுல மின்சாரத்த வச்சு உடைச்சு ஆக்சிஜன் எடுத்துச்சு. 2021 ஏப்ரல்ல மொத தடவ 5 கிராம் சொச்சம், 2023ல முடிக்கிறதுக்குள்ள 16 தடவ ஓட்டி மொத்தம் 122 கிராம். ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 840 கிராம் மாதிரி ஆகும்ங்கிறப்ப இது மூணரை மணி நேர மூச்சு தான். ஆனா அந்த மூச்சு பூமிலேர்ந்து போகல பாருங்க, எனக்கு அத நினைச்சா இப்பவும் சிலிர்க்குது.

மூச்ச விட பெரிய செலவு திரும்பி வர்றதுல இருக்கு. நாலு பேர் செவ்வாய்த் தரைலேர்ந்து கிளம்பணும்னா ராக்கெட்டுக்கு 7 டன் எரிபொருளும் 25 டன் ஆக்சிஜனும் வேணும்னு நாசா கணக்கு, அதே நாலு பேர் அங்க ஒரு வருசம் சுவாசிக்க 1 டன் போதும். அந்த 25 டன்ன இங்கேர்ந்து தூக்கிட்டுப் போறதா, அங்கயே செய்யறதா? போறதுக்கு தோதான காலமே 26 மாசத்துக்கு ஒரு தடவ தான் வரும். கட்டிக் கொடுத்த சோறு எத்தனை நாளைக்குன்னு நம்ம பெரியவங்க கேட்டது இதுக்கு அப்படியே பொருந்துது.

தன்னிறைவுங்கிற சொல்லு நல்ல சொல்லு தான், ஆனா அது போய்ச் சேர வேண்டிய நிலை, அங்க போற வழிக்கு அத பேரா வைக்க முடியாது. மறுசுழற்சியோடயும் அது கலந்துடுது. விண்வெளி நிலையத்துல 2023ல 98 சதவீதத் தண்ணிய மீட்டு எடுத்துக் காட்டுனாங்க, பெரிய சாதனை, ஆனா அது கொண்டுபோன தண்ணியவே திரும்பத் திரும்ப சுத்தம் பண்றது. மூடுன சுழற்சிய மட்டும் நம்புனா என்ன ஆகும்னு பயோஸ்பியர் 2ல (அமெரிக்காவுல வெளிக்காத்து போகாம மூடிக் கட்டுன சோதனைக் கட்டடம்) பாத்தோம், 1991ல 8 பேர் உள்ள போனாங்க, ஆக்சிஜன் 21 சதவீதத்துலேர்ந்து 14 சதவீதம் வரைக்கும் இறங்கி கடைசில வெளியேர்ந்து ஏத்த வேண்டியதாப் போச்சு. மண்ணுல இருந்த நுண்ணுயிரிங்க ஆக்சிஜன எடுத்துக்கிட்டு கார்பன் டை ஆக்சைடா விட, அத கட்டடத்தோட கான்கிரீட் உறிஞ்சிடுச்சு.

அதனால என் பரிந்துரை: கிடைவளம். கிடைத்த, கிடைக்கிற, கிடைக்கும் வளம்னு மூணு காலத்துக்கும் நிக்கிற வினைத்தொகை, வளர்பிறை மாதிரி. கிடக்கிற இடத்துலயே இருக்கிறதுங்கிற சாயலும் சேந்து வருது, இன்-சிட்டுக்கு அதுதானே வேணும். இதுக்கு எதிர்ச்சொல்லா கொணர்வளம், பூமிலேர்ந்து தூக்கிட்டுப் போறது எல்லாம். ஜோடியா வச்சா கணக்கு பேசலாம், கொணர்வளம் எவ்வளவு கொறைஞ்சு கிடைவளம் எவ்வளவு ஏறுதோ அந்த அளவுக்குத்தான் அது குடியேற்றம், இல்லன்னா வெறும் முகாம்.

கிடைன்னா கிடைமட்டம் ஞாபகம் வருமேன்னு ஐயா ஒருத்தர் தனி மடல்ல கேட்டாங்க. வளத்தோட சேந்து வர்றப்ப யாரும் அப்படி எடுத்துக்க மாட்டாங்கன்னு நம்புறேன். இடவளம்னும் யோசிச்சேன், சொல்லிப் பாத்தா இடவலம்னு காதுல விழுது, விட்டுட்டேன்.

மொதல்ல நான் ‘கிடைவள ஆக்கம்’னு முழுச் சொல்லா வச்சிருந்தேன், அங்க எதுவும் ரெடியா இல்லையே, ஆக்கித்தானே ஆகணும்னு. அப்புறம் கதிர்வீச்சு ஞாபகம் வந்துச்சு. செவ்வாய்த் தரைல ஒரு நாளைக்கு 0.7 மில்லிசீவர்ட் (உடம்புல படுற கதிர்வீச்ச அளக்கிற அலகு) கிட்ட விழுதுன்னு கியூரியாசிட்டி ரோவர் அளந்துச்சு, அத தடுக்க வீட்டு மேல மண்ண அள்ளிக் குவிச்சாலே பாதி வேலை முடியும், அதுல ஆக்கம் ஒண்ணும் இல்ல. அதனால பொதுவுக்குக் கிடைவளப் பயன்பாடு, காத்துலேர்ந்து ஆக்சிஜன் எடுக்கிற மாதிரி வேதி மாத்தம் நடக்கிறதுக்கு மட்டும் கிடைவள ஆக்கம்.

நிலா தென்துருவத்துப் பனிக்கும் இதே சொல் பொருந்துதான்னு பாருங்க, எனக்குப் பொருந்துற மாதிரி தான் படுது. கொணர்வளம் கொஞ்சம் செய்யுள் நடையா கேக்குதுன்னு எனக்கே ஒரு நெருடல் இருக்கு, அதுக்கு யார்கிட்டயாவது நல்லதா இருந்தா போடுங்க, கலைச்சொல் பட்டியல்ல ரெண்டையும் சேத்தே ஏத்திடலாம்.