மொன்சா 2025: ஞாயிற்றுக்கிழமை ஃபெராரிக்கு வாய்ப்பு இருக்கிறதா, இல்லை சும்மா ஆசைப்படுகிறேனா?

சிவப்புச்சட்டை:

போன வருடம் மொன்சாவில் (இத்தாலிய கிராண்ட் பிரீ நடக்கிற பாதை) ஃபெராரியின் லெக்லேர் ஜெயித்த பிறகுதான் ஃபார்முலா 1 கார் ரேஸை ஒழுங்காகப் பார்க்கத் தொடங்கினேன். அதனால் இந்த ரேஸுக்காக ரொம்ப நாளாகக் காத்திருந்தேன், ஆனால் நெதர்லாந்தில் சண்ட்ஃபோர்ட் ரேஸில் நடந்த கூத்தைப் பார்த்ததும் மனசே விட்டுப்போய்விட்டது. ஃபெராரியின் இன்னொரு ஓட்டுநர் ஹாமில்டன் தானாகவே போய்ச் சுவரில் மோதினார், லெக்லேரை மெர்சிடஸின் அன்டோனெல்லி இடித்துத் தள்ளினார், இரண்டு காருக்கும் சேர்த்து ஒரு புள்ளிகூட இல்லை. அது போதாதென்று, அங்கே கிரிட்டுக்கு (கார்கள் வரிசையாக நின்று தொடங்கும் இடம்) வரும் வழியில் எச்சரிக்கை மஞ்சள் கொடிக்குச் சரியாக வேகத்தைக் குறைக்கவில்லை என்று மொன்சாவில் ஹாமில்டனுக்கு ஐந்து இடம் பின்னால் போகும் தண்டனை வேறு. ஃபெராரியில் அவருடைய முதல் மொன்சா, அதற்கு இப்படியா!

இந்த வருடம் ஃபெராரி இன்னும் ஒரு கிராண்ட் பிரீகூட ஜெயிக்கவில்லை (சீனாவில் ஹாமில்டன் எடுத்தது ஸ்பிரிண்ட் என்கிற குட்டி ரேஸ், அதை நான் கணக்கில் சேர்ப்பதில்லை). ஹங்கேரியில் லெக்லேர் ‘போல்’ (முதல் இடத்தில் தொடங்கும் வாய்ப்பு) எடுத்தும் நாலாவதாகத்தான் முடித்தார்.

மொன்சாவில் நேர்ப்பாதையில் வேகமாகப் போகிற கார்தான் ஜெயிக்கும் என்கிறார்களே, அப்படியென்றால் இந்த வருடம் முன்னணியில் இருக்கிற மெக்லாரன் அணிக்கு அங்கே கொஞ்சமாவது திணறல் இருக்குமா? பின்னால் தொடங்கினால் முந்தி வருவது சுலபமா? ஆபீஸில் ஒருத்தர் "அது டிஆர்எஸ் ரயில், பார்த்துக்கொண்டே தூங்கிவிடுவாய்" என்கிறார் (டிஆர்எஸ் என்றால், துரத்துகிற கார் நேர்ப்பாதையில் பின் இறக்கையைத் திறந்து வேகம் கூட்டுகிற ஏற்பாடு).

பழைய_டயர்:

நேர்ப்பாதை வேகம் மட்டும் போதும் என்றால் எல்லா அணியும் இறக்கையைக் கழற்றி வைத்துவிட்டு வந்துவிடுமே! 5.793 கிலோமீட்டர் சுற்றில் முக்கால் பங்குக்கு மேல் ஆக்ஸிலரேட்டர் அழுத்தியபடியே இருக்கும், அதனால் மொன்சாவுக்கென்றே மெலிந்த பின் இறக்கை செய்து எடுத்து வருவார்கள், அது சரி. ஆனால் அதே இறக்கையோடுதான் பிரேக்கும் பிடிக்க வேண்டும். முதல் ஷிகேனுக்கு (வேகத்தைக் குறைக்க வைத்த நெருக்கமான இரட்டை வளைவு) மணிக்கு 340 கிலோமீட்டருக்கு மேல் வருகிற கார், உள்ளே திரும்பும்போது 80 அளவுக்கு இறங்கியிருக்க வேண்டும். டவுன்ஃபோர்ஸ் (காரைத் தரையோடு அழுத்துகிற காற்று விசை) குறைவு என்பதால் பின்பக்கம் ஆடும், முன் சக்கரம் பூட்டிக்கொண்டு வெள்ளைப் புகை கிளம்பும். வெள்ளிக்கிழமை பயிற்சியில் ஆன்போர்டு கேமராவைப் பாருங்கள், பிரேக் பிடிக்கிற அந்த ஒன்றிரண்டு வினாடி, பாதை நேராக இருந்தாலும் ஓட்டுநரின் கை சும்மா இருக்காது, ஸ்டியரிங்கை இப்படியும் அப்படியும் திருத்திக்கொண்டே இருக்கும். அங்கே யார் கார் அடங்கி நிற்கிறதோ, ஷிகேன் ஓரத்துக் கெர்ப் மேட்டில் யார் கார் துள்ளாமல் ஏறி இறங்குகிறதோ, அவர்கள்தான் முன்வரிசை. மெக்லாரன் இந்த இரண்டிலும் மோசமில்லை என்பதுதான் உங்களுக்குக் கெட்ட செய்தி.

டிஆர்எஸ் பற்றி உங்கள் ஆபீஸ்காரர் சொல்வது பாதி உண்மை. இறக்கை ஏற்கெனவே மெலிசு, அதைத் திறந்தால் கிடைக்கிற லாபமும் கம்மி. முன்னால் போகிற காரின் காற்று மறைவு நன்றாக உதவும், ஆனால் நாலைந்து கார் வரிசையாக ஒட்டிக்கொண்டால் எல்லோருக்கும் அதே உதவிதான், யாரும் நகர மாட்டார்கள். அடுத்த வருடம் டிஆர்எஸ்ஸே கிடையாது, அதனால் இந்த ரயிலை மொன்சாவில் பார்க்க இதுதான் கடைசி வாய்ப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பிட்வால்_மாமா:

தம்பி, போன வருடம் லெக்லேர் எப்படி ஜெயித்தார் என்று இன்னொரு முறை போட்டுப் பாருங்கள். ஃபெராரி அன்றைக்கு வேகமான காரே இல்லை. மெக்லாரன் இரண்டும் முன்வரிசையில் தொடங்கின, முதல் சுற்றிலேயே பியாஸ்ட்ரி தன் அணியின் நாரிஸை முந்தினார், அந்தக் களேபரத்தில் லெக்லேரும் உள்ளே புகுந்து இரண்டாவது இடத்துக்கு வந்துவிட்டார். புதுத் தார் போட்ட பாதை, டயர் மேல்தோல் சுருண்டு உதிர்ந்தது, எல்லோரும் இரண்டு முறை டயர் மாற்றித்தான் ஆக வேண்டும் என்று நினைத்தார்கள். லெக்லேர் 15வது சுற்றில் ஒரே முறை டயர் மாற்ற உள்ளே வந்தார், மீதி 38 சுற்றையும் ஒரே செட் ஹார்டு (கடின ரக) டயரில் ஓட்டி முடித்தார். பியாஸ்ட்ரி துரத்தி வந்தும் 2.6 வினாடி பின்னால்தான் கொடியைப் பார்த்தார்.

மொன்சாவில் பிட் பாதை (டயர் மாற்ற உள்ளே போய் வருகிற வழி) நீளம், உள்ளே போய் வந்தால் இருபது வினாடிக்கு மேல் காலி. அதனால் எல்லோருமே ஒரே நிறுத்தத்துக்குத்தான் முயற்சி செய்வார்கள். இந்த முறையும் டயர் கொடுக்கிற பிரெல்லி அதே மூன்று ரகங்களைத்தான் (சி3, சி4, சி5) கொண்டுவருகிறது, ஆனால் பாதைக்கு ஒரு வயது கூடிவிட்டது, அவ்வளவு உதிராது. அதாவது போன வருடம் முன்னணி அணிகளில் ஃபெராரி மட்டும் ஆடிய சூதாட்டத்தை இந்த வருடம் பத்து அணியும் ஆடும். அப்படியிருக்க அதே வழியில் ஜெயிக்க முடியாது. சனிக்கிழமை முதல் இரண்டு இடத்துக்குள் வந்தால் பேசலாம், இல்லாவிட்டால் முதல் மூன்றுக்குள் வந்து மேடையேறினாலே சந்தோஷப்படுங்கள்.

முப்பத்துமூணு:

எல்லோரும் மெக்லாரன், ஃபெராரி என்றே பேசுகிறீர்கள், ஒருத்தரை மறந்துவிட்டீர்கள். இந்த வருடம் சில்வர்ஸ்டோன் ரேஸுக்கு மெலிந்த இறக்கையோடு வந்து போல் எடுத்தது யார்? ஸ்பா ஸ்பிரிண்டில் முதல் சுற்றிலேயே நேர்ப்பாதையில் பியாஸ்ட்ரியைத் தாண்டிப் போய், கடைசி வரை அவரைப் பின்னாலேயே வைத்து ஜெயித்தது யார்? ரெட் புல்லின் மேக்ஸ் வெர்ஸ்டாப்பென்தான். போன வருடம் இதே மொன்சாவில் ரெட் புல் படுமோசம், ஆறாவது இடம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் காற்று இழுவை குறைவாக இருக்க வேண்டிய இடங்களில் இந்த வருடக் கார் வேறு மாதிரி இருக்கிறது. மேக்ஸ் போல், மேக்ஸ் வெற்றி. ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

பழைய_டயர்:

எடுத்தாச்சு. திங்கட்கிழமை பேசுவோம்.

கல்லாங்_வாசி:

முப்பத்துமூணு சொல்வதை நான் தள்ளமாட்டேன், ஆனால் சனிக்கிழமை தகுதிச் சுற்று (யார் எந்த இடத்தில் தொடங்குவது என்று முடிவாவது) எப்போதும் போலக் குழப்பம்தான் செய்யும். காற்று மறைவு வேண்டும் என்று எல்லோரும் அடுத்தவன் முன்னால் போகட்டும் என்று காத்திருப்பார்கள். 2019இல் கடைசிக் கட்டத்தில் ஊர்வலம் மாதிரி ஊர்ந்து வந்து, பெரும்பாலானவர்கள் கோட்டைத் தாண்டுவதற்குள் நேரமே முடிந்துவிட்டது, பார்க்கச் சிரிப்பாக இருந்தது. இப்போது அவ்வளவு மெதுவாக வரக்கூடாது என்று நேர வரம்பு வைத்திருக்கிறார்கள். ஹாமில்டனுக்கு எப்படியும் ஐந்து இடம் போகிறது, அதனால் அவர் லெக்லேருக்கு முன்னால் ஓடிக் காற்று மறைவு கொடுப்பாரா என்பதுதான் நான் பார்க்கப்போவது. ஏழு முறை சாம்பியனிடம் அதைக் கேட்கிற தைரியம் அணிக்கு இருக்கிறதா என்பது வேறு கதை.

ஹாமில்டன் மொன்சாவில் ஐந்து முறை ஜெயித்தவர், ஷூமாக்கருக்குச் சமம். 2018இல் ஃபெராரியின் ரைக்கோனன் போலில் இருந்தும் மெர்சிடஸில் வந்து ஃபெராரியை அவர்கள் வீட்டிலேயே அடித்தபோது மேடையில் அவரை எதிர்த்துக் கூச்சல் போட்டார்கள். அதே கூட்டம் இந்த ஞாயிறு அவர் பேரைச் சொல்லிக் கத்தும். ரசிகர்கள் என்றால் அப்படித்தான்!

தூங்கிவிடுவோம் என்ற பயம் வேண்டாம், அதற்குள் ரேஸே முடிந்துவிடும். 2003இல் ஷூமாக்கர் 75 நிமிடத்துக்குள் முடித்தார், சராசரி மணிக்கு 247.585 கிலோமீட்டர், 2025 மொன்சா வரை அதுதான் சாதனை. மழையும் சேஃப்டி காரும் (விபத்து நடந்தால் எல்லோரையும் மெதுவாக்க வருகிற கார்) வராவிட்டால் இந்த முறை அது உடையும் என்பது என் கணிப்பு. 2025 மொன்சா வரை தனிச் சுற்றின் சாதனை 2020இல் ஹாமில்டன் இங்கே எடுத்த போல், சராசரி மணிக்கு 264.362 கிலோமீட்டர். அதுவும் போகலாம்.

சிவப்புச்சட்டை:

எல்லோருக்கும் நன்றி, நம்பிக்கையைக் கேட்டால் கணக்கைக் கொடுக்கிறீர்கள். ஃபெராரியில் ஓட்டிய லவுடா 1975இல் உலகப் பட்டத்தை உறுதி செய்ததன் 50வது வருடம் என்று ஃபெராரி இந்த வாரம் பழைய காரின் சாயலில் பெயின்ட் அடித்து வருகிறதாமே? காராவது பார்க்க அழகாக இருக்கும்.

பிட்வால்_மாமா:

அந்தப் பட்டமும் மொன்சாவில்தான் உறுதியானது. அன்று லவுடா மூன்றாவது, ரேஸை ஜெயித்தது இன்னொரு ஃபெராரியில் ரெகட்சோனி. முடிந்தால் 1971 முடிவையும் தேடிப் பாருங்கள், ஷிகேன் வருவதற்கு முந்தைய வருடம். முதல் ஐந்து காரும் 0.61 வினாடிக்குள் கோட்டைத் தாண்டின, கெத்தின் ஜெயித்தது நூறில் ஒரு பங்கு வினாடியில். அடுத்த வருடமே வேகத்தைக் குறைக்க ஷிகேன் வைத்துவிட்டார்கள்.

முப்பத்துமூணு:

நேரம் யாரும் சொல்லவில்லையே. இந்தியா, இலங்கை இரண்டுக்கும் தகுதிச் சுற்று சனி இரவு 7:30, ரேஸ் ஞாயிறு மாலை 6:30. இந்தியாவில் ஃபேன்கோட் ஆப்பில் பார்க்கலாம். சிங்கப்பூரில் இருக்கிற கல்லாங்காரருக்கு ரேஸ் இரவு 9 மணி.

கல்லாங்_வாசி:

தெரியும். திங்கட்கிழமை காலை மீட்டிங்கைத் தள்ளி வைத்தாச்சு.